மூடி பார்க்கும் பெட்டியும் நாங்கள் ஆறு பேரும்

பிறர் செய்த பொருளில் குறை கண்டுபிடிப்பதற்காகவே மாதச் சம்பளம் தரும் தொழில்கள் உலகில் அதிகம் இல்லை. அவற்றுள் ஒன்றில் நான் பதினெட்டு ஆண்டுகளாக இருக்கிறேன்.

ஜொகூர் மாநிலத்தின் பாசிர் கூடாங்கில், மோட்டார் சைக்கிள் விளக்குகளுக்குப் பிளாஸ்டிக் மூடி வார்க்கும் தொழிற்சாலை எங்களுடையது. அச்சிலிருந்து வந்து விழும் ஒவ்வொரு மூடியையும் குழல் விளக்கின் கீழ் சாய்த்துப் பார்ப்போம். கீறல், குமிழி, கரும்புள்ளி ஏதேனும் இருந்தால் சிவப்புத் தட்டு. இல்லையென்றால் பச்சைத் தட்டு. சோதனை மேசையில் அமர்ந்திருக்கும் எங்கள் ஆறு பேரின் வேலை அவ்வளவுதான். மேசைக்குப் பொறுப்பாளர் நான். ஞாயிற்றுக்கிழமைகளில் பக்கத்து ஊரான மாசாயில் ஒரு கோயிலில் பிள்ளைகளுக்குச் சமய வகுப்பு எடுப்பதால், என் பெயர் மகேஸ்வரி என்பதை மறந்து பலரும் என்னை ‘டீச்சர்’ என்றே அழைப்பார்கள். அந்த அழைப்பில் மரியாதை பாதி, கேலி பாதி.

சென்ற ஆண்டின் பிற்பகுதியில், எங்கள் மேசைக்குப் பக்கத்தில் ஒரு பெட்டி வந்து இறங்கியது. கேமராவும் செயற்கை நுண்ணறிவும் கொண்ட அந்தப் பெட்டி மூடிகளைத் தானே பார்த்துத் தரம் பிரிக்கும் என்றார்கள். மேலாளர் லோ எங்களை வரிசையாக நிறுத்தி, ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். மூன்று மாதம் சோதனை ஓட்டம். பெட்டி தேறிவிட்டால் ஆண்டு முடிவில் மேசை எடுக்கப்படும். எங்களில் ஐந்து பேர் நிரந்தர ஊழியர்கள். வேறு பிரிவுகளுக்கு மாற்றப்படுவார்கள். பரமேஸ் அக்கா மட்டும் ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கப்படும் ஒப்பந்தத்தில் இருப்பவர். வயது ஐம்பத்தாறு. எங்கள் எல்லாரையும்விடக் கூர்மையான கண் அவருடையது. மேசை போனால், அவருக்கு மட்டும் எங்கேயும் நாற்காலி இல்லை.

இதைப் படிக்கும் உங்கள் கடையிலோ அலுவலகத்திலோ வங்கியிலோ இப்படி ஒரு பெட்டி ஏற்கெனவே வந்திருக்கலாம், இனிமேல் வரலாம். அந்த மூன்று மாதங்களில் நாங்கள் அதைப் பற்றி நம்பியவற்றில் பெரும்பகுதி தவறு. தவறாகப் போனதற்கு நன்றி சொல்லிக்கொண்டேதான் இவற்றை எழுதுகிறேன்.

உள்ளே யார்?

பெட்டிக்கு அந்தப் பக்கம் யாரோ உட்கார்ந்து எங்களைப் பார்க்கிறார்கள் என்று முதலில் சொன்னவள் லெட்சுமி. எங்கள் மேசையில் வயதில் இளையவள், வாயில் மூத்தவள். பார்ப்பவர் சிங்கப்பூரில் ஓர் அலுவலகத்தில் இருக்கிறார் என்பது வரை அவளுக்குத் தெரிந்திருந்தது. மறுநாள் காலையில் மேசையே பவுடர் மணத்தது. பெட்டியைக் கடக்கும்போதெல்லாம் குரல்கள் தணிந்தன. ஒரு வாரம் யாரும் மாமியாரைப் பற்றிப் பேசவில்லை. பிறரைச் சொல்வானேன்? ஆண்டவன் எங்கும் இருந்து பார்க்கிறான், ஆகவே எங்கும் நேர்மையாக இருங்கள் என்று ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்குப் போதிக்கும் நான், வறுத்த கச்சான் கடலைப் பொட்டலத்தை ஒரு கேமராவுக்குப் பயந்து மேசைக்கடியில் ஒளித்தேன். ஆண்டவனுக்குப் பயந்து அதை ஒருநாளும் ஒளித்ததில்லை.

பெட்டியை விற்ற நிறுவனத்தின் பொறியாளர் கதிரவன், பக்கத்து உலு திராம் ஊர்க்காரர், அடுத்த வாரம் ஜொகூர் பாரு அலுவலகத்திலிருந்து வந்தார். தரை சமமாக இல்லாததால் பெட்டியின் நான்கு கால்களில் ஒன்று தரையில் படாமல் ஆடியது. பக்கத்துப் பாதையில் ஃபோர்க்லிஃப்ட் போகும்போதெல்லாம் படம் கலங்கியது. அட்டைத் துண்டு ஒன்றை மடித்து அந்தக் காலுக்கு அடியில் செருகிவிட்டு, எங்களைத் திரைக்கு முன் அழைத்தார். உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளை வெளிச்சம், நடுவில் ஒரு மூடி. வேறொன்றும் இல்லை. “அக்கா, இதுக்கு மூடியத் தவிர ஒலகத்துல வேற எதுவுமே தெரியாது. உள்ள ஆளும் இல்ல, சிங்கப்பூர்ல ஆளும் இல்ல. வெறும் கணக்குதான்” என்றார்.

லெட்சுமி திரைக்குள் எட்டிப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: “ஒரு வாரமா லிப்ஸ்டிக் போட்டுக்கிட்டு வரேன் தம்பி. மொதல்லயே சொல்லக் கூடாதா லா?”

தோணிக்காரனின் கேள்வி

ஆள் இல்லையென்றால், எது நல்ல மூடி, எது கெட்ட மூடி என்று அதற்கு எப்படித் தெரியும்? “நீங்கதான் காட்டணும்” என்றார் கதிரவன். நாங்கள் நல்லவற்றையும் கெட்டவற்றையும் பிரித்துக் காட்ட வேண்டும்; அந்தப் படங்களிலிருந்து பெட்டி கற்றுக்கொள்ளும். அவர் தேநீர் குடிக்கப் போன நேரத்தில் லெட்சுமி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். தட்டுகளை மாற்றி வைத்துவிடலாம் என்றாள். கெட்டதை நல்லதென்று காட்டினால் பெட்டி பரீட்சையில் தோற்கும். பரமேஸ் அக்காவின் நாற்காலி பிழைக்கும். மூன்று பேர் தலையசைத்தார்கள். உண்மையைச் சொன்னால், என் தலையும் அசையப் பார்த்தது.

ஆனால் பழக்கம் விடவில்லை; ஒரு கதை சொன்னேன். ஓர் ஆற்றில் பாலம் கட்ட வந்தவர்கள், கெட்டித் தரை எங்கே இருக்கிறது என்று தோணிக்காரனைக் கேட்டார்கள். பாலம் வந்தால் தன் பிழைப்புப் போகும் என்று அவன் சேற்றைக் கைகாட்டினான். பாலம் எழுந்தது. அதன்மேல் முதலில் வந்தது அவன் தங்கையின் கல்யாண வண்டி. தூண் சேற்றில் இறங்கியபோது தோணியை எடுத்துக்கொண்டு ஓடியவனும் அவன்தான். எத்தனை பேரைத் தூக்கினான் என்று யாரும் அவனைக் கேட்கவில்லை. ஆகவே தோழியரே, நம் பயத்துக்காக நம் கண்ணைப் பொய் சொல்ல வைக்கக் கூடாது என்று முடித்தேன். “டீச்சர், அந்தத் தோணிக்காரனுக்குக் கான்ட்ராக்ட் எப்ப முடியுது?” என்று கேட்டாள் லெட்சுமி. இழப்பு இன்னொருவருடையதாக இருக்கும்போது நேர்மையைப் போதிப்பது எவ்வளவு எளிது என்று அப்போதுதான் உறைத்தது.

பரமேஸ் அக்கா, சிவப்புத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். “தட்ட மாத்தாதீங்கடி. எம் மருமவன் மோட்டார்லதான் வேலைக்குப் போறான். அந்த வெளக்குல இருக்கறது நம்ம மூடிதான்.”

நீல உறை

இரண்டு நாள் உட்கார்ந்து, உண்மையாகவே பிரித்துக் காட்டினோம். பெட்டி எல்லாவற்றையும் கற்றுவிட்டது என்று கதிரவனின் கணினி சொன்னது. மூன்றாம் நாள், மூடிகளைச் சுமந்து வரும் கன்வேயர் பட்டை ஓடத் தொடங்கியது. பெட்டி எல்லா மூடிகளையும் நல்லது என்றது. கீறல் விழுந்ததும் நல்லது. குமிழி வைத்ததும் நல்லது. அச்சில் கருகிப்போய்க் கத்தரிக்காய் சுட்டதுபோல் வந்த ஒன்றும் நல்லது. இயந்திரத்துக்கு இவ்வளவு பெருந்தன்மையா என்று மேசை வியந்தது. கதிரவன் வியர்த்தார்.

காரணத்தைத் தற்செயலாகக் கண்டது லெட்சுமி. சிக்கிய மூடியை நகர்த்த அவள் விரலை நீட்டியதும், பெட்டி ‘கெட்டது’ என்று சிவப்பு விளக்கை எரித்தது. விரலை எடுத்தாள், பச்சை. நீட்டினாள், சிவப்பு. எங்கள் மேசையில் நெடுநாள் வழக்கம் ஒன்று உண்டு: சிவப்புத் தட்டில் போடுபவர் நீலக் கையுறை அணிவார், பச்சைத் தட்டில் போடுபவர் வெள்ளைக் கையுறை. கலந்துவிடாமல் இருப்பதற்காக நாங்களே வகுத்துக்கொண்ட முறை. அன்று லெட்சுமி கையில் இருந்தது நீலம். படம் எடுத்தபோதும் அதே உறைகளோடுதான் மூடிகளைப் பிடித்திருந்தோம். கெட்ட மூடி ஒவ்வொன்றின் ஓரத்திலும் நீலமாக ஒரு விரல்நுனி. பெட்டி மூடியைக் கற்கவில்லை, விரல்நுனியைக் கற்றிருந்தது. நாம் பார்ப்பதையே அதுவும் பார்க்கிறது என்று எண்ணிவிட்டோம். பெற்றோராக இருப்பவர்கள் இந்த இடத்தில் ஒரு கணம் நின்று செல்ல வேண்டும். வீட்டிலும் நாம் காட்டுவது ஒன்றாகவும் பிள்ளைகள் கற்பது வேறொன்றாகவும் இருக்கலாம்.

தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்ட கதிரவனுக்குத் தன் குடுவையிலிருந்து தேநீர் ஊற்றிக் கொடுத்தபடி பரமேஸ் அக்கா சொன்னார்: “நாம மூடியக் காட்டுறோம்னு நெனச்சோம் தம்பி. அது நம்ம கையப் பாத்துக்கிட்டு இருந்திருக்கு.”

நெற்றியில் ஒரு பொட்டு

கையுறைகளைக் கழற்றி, மூடிகளைப் பட்டையில் வைத்து, மறுபடி படமெடுத்தார்கள். இம்முறை பெட்டி ஒழுங்காகக் கற்றது. அதற்குள் ஆயுத பூசை வந்தது. வார்ப்பு இயந்திரத்திலிருந்து ஸ்டேப்ளர் வரை எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைப்பது எங்கள் தொழிற்சாலையில் வழக்கம். லோவும் அன்று ஓர் எலுமிச்சம்பழத்தைத் தானே வாங்கி வருவார். புதிய பெட்டியை மட்டும் விட முடியுமா? தன் நாற்காலியைப் பறிக்க வந்ததற்கும் பொட்டு வைத்தவர் பரமேஸ் அக்காதான். நெற்றி எது என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தார். உருண்டையாக, பளபளவென்று, கீழ்நோக்கி ஒரு கண்ணாடி இருந்தது. அதுவே நெற்றி என்று தீர்மானித்து, கையைக் கீழிருந்து விட்டு, சந்தனமும் அதன்மேல் குங்குமமும் அழகாக வைத்தார்.

பூசை முடிந்து பட்டை ஓடியதும் பெட்டி ஒவ்வொரு மூடியையும் தள்ளியது. சிவப்புத் தட்டு வழிந்து, அடுத்த தட்டும் வழிந்தது. வார்ப்பு இயந்திரத்தை நிறுத்தி அச்சைக் கழற்றிப் பார்த்தார்கள். அச்சில் குறை இல்லை. சாமிக் குத்தம் என்றார் ஒருவர். பூசை போட்டதில் பெட்டிக்குக் கோபம் என்றார் மற்றொருவர். அதற்குக் கோபமும் இல்லை, மகிழ்ச்சியும் இல்லை. கண்ணை மறைத்த குங்குமத்தை மூடியிலுள்ள சிவப்புக் கறையாகக் கண்டது, அவ்வளவுதான். கதிரவன் ஜொகூர் பாருவிலிருந்து நெரிசலில் ஊர்ந்து வந்து, கண்ணாடியை ஒரு துணியால் துடைத்தார். அரை நிமிட வேலை. பொட்டைப் பெட்டியின் பக்கவாட்டுக்கு மாற்றிக்கொள்ள அனுமதியும் கொடுத்தார்.

லெட்சுமி பெட்டியைத் தட்டிக் கொடுத்துச் சொன்னாள்: “அட அலமாக், பொட்டு வச்சதுக்குக் கூட ரிஜெக்ட் போட்ட ஆள இன்னிக்குத்தான் பாக்குறேன்.”

உறுதி

இதுவரை சொன்னதை வைத்துப் பெட்டியை உதவாக்கரை என்று நினைத்துவிடாதீர்கள்; அதுவும் பொய்யாகும். மாலை மூன்று மணிக்கு எங்கள் கண் எரியும், அதற்கு எரியாது. ஊசிமுனைக் கரும்புள்ளியை எங்களில் நால்வரைவிட நன்றாகப் பிடித்தது. லோவின் முகம் நாளுக்கு நாள் மலர்ந்தது. அது மலர மலர, மேசையில் பேச்சுக் குறைந்தது.

ஒருநாள், பெட்டி பச்சையாக்கி அனுப்பிய மூடிகளில் ஒன்றைப் பரமேஸ் அக்கா வழக்கம்போல் எடுத்துச் சாய்த்தார். திருகு போகும் துளையின் ஓரத்தில் முடி போன்ற ஒரு விரிசல். வண்டி குலுங்கக் குலுங்க அது வளரும். ஒருநாள் விளக்கோடு கழன்று விழும். லோவை அழைத்தோம். அவர் மூடியைப் பார்க்கவில்லை, திரையைப் பார்த்தார். ஒவ்வொரு முடிவுக்கும் அருகில், தான் எவ்வளவு உறுதியாக இருக்கிறது என்பதற்குப் பெட்டி ஓர் எண் காட்டும். அந்த மூடிக்கு அது நூற்றை நெருங்கி நின்றது. “இவ்வளவு உறுதியாகச் சொல்கிறதே, எப்படித் தவறாக இருக்கும்?” என்று மலாயில் கேட்டார். அந்த வகை விரிசல் எங்களுக்கு எப்போதாவதுதான் வரும். நாங்கள் காட்டிய படங்களில் ஒன்றுகூட இல்லை. தனக்குக் காட்டப்படாத ஒன்று உலகில் இருக்கிறது என்பதே அதற்குத் தெரியாது. தெரியாது என்பதும் தெரியாததால் அவ்வளவு உறுதி. நம்மிலும் அப்படிச் சிலர் மேடைகளில் இருக்கிறார்கள். கைத்தட்டும் முன் மூடியைச் சாய்த்துப் பாருங்கள்.

லோவுக்கு மலாயில் விளக்கம் சொன்னது பரமேஸ் அக்கா. அதைத் தமிழில் தருகிறேன். “எங்க வீட்டுக்காரரும் அப்படித்தான் பாஸ். வழி தெரியாதப்பத்தான் ரொம்ப உறுதியா ‘நேரா போ’ம்பாரு.”

கைப்பேசி எழுதிய கடிதம்

விரிசலைப் படமெடுத்துப் பெட்டிக்குக் காட்டினார்கள்; அதையும் கற்றுக்கொண்டது. சோதனை ஓட்டம் முடிய இரண்டு வாரம் இருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை இடைவேளையில், பரமேஸ் அக்கா மேலங்கிப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து என்னிடம் காட்டினார். பணி விலகல் கடிதம். கைப்பேசியில் பேசும் செயற்கை நுண்ணறிவிடம், மூடி சோதிக்கும் வேலை இனி இருக்குமா என்று தமிழிலேயே கேட்டிருக்கிறார். கண்ணால் பார்த்துத் தரம் பிரிக்கும் வேலைகள் உலகெங்கும் குறைந்துவருகின்றன, மாற்றுக்கு இப்போதே தயாராவது நல்லது என்று அது பணிவாகப் பதில் சொல்லியிருக்கிறது. வேண்டுமானால் ஒரு விலகல் கடிதமும் எழுதித் தரட்டுமா என்று கேட்டிருக்கிறது. “அதுக்கு எல்லாம் தெரியும் மகேஸ். அவங்க ‘போ’ன்னு சொல்றதுக்கு முன்னால நானே போயிடறேன். திங்கக்கெழம குடுத்துடுவேன்” என்றார்.

கடிதத்தை வாங்கிப் படித்தேன். மொழி மிக நேர்த்தி. ஆனால் ஊழியரின் பெயர், நிறுவனத்தின் பெயர், மேலாளரின் பெயர் என்று மூன்று இடங்கள் காலியாக விடப்பட்டு, அக்காவின் பேனாவால் நிரப்பப்பட்டிருந்தன. “அக்கா, எல்லாம் தெரிந்ததற்கு உங்கள் பெயர்கூடத் தெரியவில்லையே” என்றேன். பிறகு ஒரு தையற்காரனின் கதையைச் சொன்னேன். ஆயிரம் பேரின் அளவை எடுத்து, கூட்டிக் கழித்து, நடு அளவில் ஒரு சட்டை தைத்தானாம். தையலில் ஒரு குறை இல்லை. வந்தவர்களுக்கெல்லாம் ‘இது உங்களுக்கே தைத்தது’ என்று அதையே கொடுத்தான், ஒருவருக்கும் சேரவில்லை. உலகத்தில் எழுதப்பட்டதை எல்லாம் வைத்துப் பேசும் கருவிக்கு, பாசிர் கூடாங்கில் லோ என்ன முடிவெடுப்பார் என்பது எப்படித் தெரியும்? அவருக்கே இன்னும் தெரியாது.

அக்கா தாளை நான்காக மடித்துப் பையில் வைத்தார். “சட்ட சேரலன்னா கழட்டிடலாம் மகேஸ். பயத்த எங்க கழட்டி வைக்கிறது?”

ஞாயிற்றுக்கிழமைப் பாடம்

அந்த வெள்ளிக்கிழமை மாலையே, வாடிக்கையாளர் நிறுவனம் மூடியின் நிறத்தை மாற்றியது. இதுவரை தெளிந்த கண்ணாடி நிறம். இனி லேசான புகை நிறம். முதல் தொகுதி வார்த்து வந்ததும் பெட்டி மொத்தத்தையும் தள்ளியது. லோ கலங்கவில்லை. இவை தாமே கற்றுக்கொள்ளும் என்று எங்கேயோ படித்திருந்தார். “விளக்கை அணைக்காதீர்கள், சனி ஞாயிறு முழுக்க ஓடட்டும், கற்றுக்கொள்ளும்” என்று உத்தரவிட்டுப் போனார். வெறும் பட்டையைப் பார்த்தபடி பெட்டி இரண்டு நாள் விழித்திருந்தது.

திங்கட்கிழமை காலை, பெட்டி மறுபடியும் எல்லாவற்றையும் தள்ளியது. “ஞாயிற்றுக்கிழமை முழுதும் விழித்திருந்து இது என்னதான் படித்தது?” என்று லோ கேட்டார். கதிரவன் பொறுமையாக விளக்கினார். சில ஏற்பாடுகளில் அப்படி இருக்கலாம்; இந்தப் பெட்டி, யாராவது காட்டினால்தான் கற்கும். புகை நிறத்தில் எது நல்லது, எது கெட்டது என்று பிரித்துத் தர ஒரு கண் வேண்டும். அன்று மதியமே முதல் சரக்கு போக வேண்டியிருந்தது. புகை நிறத்துக்குள் குமிழி எப்படித் தெரியும், கீறல் எப்படி ஒளியும் என்று எங்களில் யாருக்கும் தெரியாது. நானும் இரண்டு மூடிகளைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தேன்.

லோ ஒரு தட்டை ஏந்திக்கொண்டு மேசையை நோக்கி வந்தார். அதே நேரம் பரமேஸ் அக்கா எழுந்து நின்றார். அவர் வலது கை மேலங்கிப் பைக்குள் இருந்தது. தாளின் முனை வெளியே வந்துவிட்டது. லோ தட்டை அக்காவின் முன் வைத்து, அக்காவின் நாற்காலியைத் தானே சற்று இழுத்து விட்டார். அக்கா அந்தத் தட்டைப் பார்த்தார், லோவைப் பார்த்தார். கை பையிலிருந்து வெறுமனே வெளியே வந்து, ஒரு மூடியை எடுத்தது. குழல் விளக்குக்கு நேராகப் பிடித்தார், திருப்தியில்லை. சன்னல் ஓரம் போய், வெயிலுக்கு எதிரே மூடியின் முதுகைக் காட்டிச் சாய்த்தார். நகத்தால் ஒருமுறை வருடினார். “இதுக்குப் பின்பக்கமாத்தான் பாக்கணும்” என்றார். பகல் உணவுக்குள் மூன்று தட்டுகளைப் பிரித்துவிட்டார். அவர் பிரித்ததைக் கதிரவன் பெட்டிக்குக் காட்டினார். சரக்கு நேரத்துக்குக் கிளம்பியது.

லாரியின் கதவு மூடும் ஓசை கேட்டதும், கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தபடி லோ கேட்டார்: “பரமேஸ், அடுத்த நிறம் எப்போது வரும் என்று எனக்கே தெரியாது. நீங்கள் எங்கேயும் போகமாட்டீர்கள் அல்லவா?”

நாற்காலி

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெட்டி தேறியது, மேசையும் நிலைத்தது. எல்லா மூடிகளையும் முதலில் பெட்டி பார்க்கும். உறுதியில்லாதவற்றை அது எங்களிடம் தள்ளும். உறுதியாகச் சொன்னவற்றிலும் ஒரு பங்கை எடுத்து நாங்கள் சாய்த்துப் பார்ப்போம். இருவர் பொதி கட்டும் பிரிவுக்கு மாறினார்கள். அங்கே கண் எரிவதில்லை என்று மகிழ்ச்சியாகவே இருக்கிறார்கள். பெட்டிக்குக் காட்ட வேண்டிய நல்லது கெட்டதுகளின் மாதிரிகள் பரமேஸ் அக்காவின் பொறுப்பு. அவர் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. இம்முறை இரண்டு ஆண்டுக்கு. அந்தச் செய்தியைச் சொல்ல லோ அழைத்தபோது, அக்கா அலுவலக அறையில் அரை மணி நேரம் இருந்தார். வெளியே நாங்கள் ஐவரும் ஒரு மூடிகூடப் பார்க்கவில்லை. கதவு திறந்து, அவர் வந்து, தன் நாற்காலியில் உட்கார்ந்து, சக்கரத்தை ஒருமுறை முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்தபோதுதான் எங்களுக்கு மூச்சு வந்தது.

அன்பர்களே, பெட்டி வந்தால் பயப்படாதீர்கள் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. எல்லா இடத்திலும் எங்களுக்கு வாய்த்தது போல் வாய்க்காது. அதைத் தெய்வமாகவும் எண்ண வேண்டாம், பேயாகவும் எண்ண வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். பக்கத்தில் போய், அது எதைப் பார்க்கிறது, யார் காட்டியதைக் கற்றது என்று கேளுங்கள். கேட்பவருக்குப் பாதிப் பயம் குறையும். மீதிப் பாதிக்கு, தட்டை மாற்றாமல் வைத்திருங்கள்.

ஒப்பந்தம் புதுப்பித்த அன்று மாலை ஃபோர்க்லிஃப்ட் போனபோது பெட்டியின் படம் மறுபடி கலங்கியது. கதிரவன் எப்போதோ செருகிய அட்டை நசுங்கிப் போயிருந்தது. கனமான தாள் ஏதாவது இருக்கிறதா என்று அன்று வந்திருந்த அவர் எங்கள் மேசையில் கேட்டார். பரமேஸ் அக்கா மேலங்கிப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து, நான்காக இருந்ததை எட்டாக மடித்து நீட்டினார். “இந்தா தம்பி, நல்ல தாளு. இனிமே எனக்கு வேணாம்.”

எங்கள் பெட்டியின் பார்வை இன்றுவரை ஆடாமல் நிற்பது, பரமேஸ் அக்கா லோவிடம் கொடுக்காமல் வைத்திருந்த அந்தக் கடிதத்தின் மேல்தான்.